திறந்த கல்வி வளங்களும் பல்கலைக்கழக நூலகங்களும்: மொழிபெயர்ப்புரிமை நோக்கு

‘திறந்த கல்வி வளங்கள்’ என்னும் தொடர், யுனெஸ்கோ நிறுவனம் 2002ஆம் ஆண்டு பாரிசு நகரில் கூட்டிய அமர்வொன்றில் உருப்பெற்ற ஆங்கிலத் தொடரின் தமிழாக்கமாகும். அதற்கு முந்தைய ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப்பொருள்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வண்ணம் இணையத்தில் வெளியிடப்போவதாக அறிவித்திருந்தது. அவ்வறிவிப்பின் தொடர்ச்சியாக எழுந்த உரையாடலே இத்தொடரைத் தந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் யுனெஸ்கோ பொதுமாநாடு ஏற்றுக்கொண்ட பரிந்துரை இதற்கு முறையான வரையறை ஒன்றை வகுத்துள்ளது. பொதுவுடைமை ஆகிவிட்டனவாகவோ திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டனவாகவோ இருந்து, கட்டணமின்றிப் பெறவும், மீளப் பயன்படுத்தவும், வேறு நோக்கிற்கு உரியதாக்கவும், தழுவவும், பிறருக்கு வழங்கவும் இடந்தரும் கற்றல், கற்பித்தல், ஆய்வுப் பொருள்கள் யாவும் இவ்வரையறைக்குள் அடங்கும். இவ்வைந்தனுள் ‘தழுவுதல்’ என்பதே மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்தூன்ற வேண்டிய இடம். மொழிபெயர்ப்பு தழுவலின் ஒரு வகையாதலின், தழுவும் உரிமை இல்லாவிடத்து மொழிபெயர்த்து வெளியிடும் உரிமையும் இல்லை.

இவ்வளங்களுக்காகப் பல்கலைக்கழக நூலகங்கள் பரிந்து பேச வேண்டும் என்னும் கருத்து வட அமெரிக்க நூலகங்களில் தோன்றி வளர்ந்தது. அங்கு அதற்கு அடிப்படையாக அமைந்தது பாடநூல்களின் விலை. இந்தியாவில் அவ்வாதத்திற்கு ஓரளவு இடமுண்டு; ஆயினும் நம் நூலகங்கள் முன்வைக்க வேண்டிய முதன்மை வாதம் விலையைப் பற்றியது அன்று, மொழியைப் பற்றியது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘திறந்த’ என்னும் அடைமொழி

கலைச்சொல்லிலேயே ஓர் இடர்ப்பாடு உள்ளது. தமிழில் ‘திறந்த’ என்னும் அடை கல்வித்துறையில் வேறொரு பொருளில் முன்னரே வேரூன்றிவிட்டது. ‘திறந்தநிலைப் பல்கலைக்கழகம்’ என்பதில் அச்சொல் சேர்க்கைத் தடையின்மையைக் குறிக்கிறது. பாடப்பொருளின் உரிமத்தைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை. ஆகவே, ‘திறந்த கல்வி வளம்’ என்று கேட்கும் ஆசிரியர் அதனைத் தொலைநிலைக் கல்வியின் பாடக் கட்டுகள் எனக் கொள்ளுதல் இயல்பே. ‘இலவசம்’ என்னும் சொல்லோ விலையை மட்டும் சுட்டுகிறது. இணையத்தில் விலையின்றிப் படிக்கக் கிடைக்கும் நூல்கள் பலவற்றைப் படியெடுத்து வெளியிடவோ மொழிபெயர்க்கவோ இசைவு இல்லை. மென்பொருள் துறையினர் ‘கட்டற்ற’ என்னும் சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்துள்ளனர். பொருள் தெளிவு கருதின் அதுவே ஏற்புடையது. ஆனால் ‘கட்டற்ற கல்வி’ என்பது ஒழுங்கின்மையைச் சுட்டுவதுபோல் ஒலிக்கும் என்று தயங்குவோரும் உளர். இக்கட்டுரை ‘திறந்த’ என்பதையே கைக்கொள்கிறது. எனினும் நூலகர் ஒருவர் ஆசிரியர் குழுவின்முன் பேசும்போது, படிக்கத் திறந்தது வேறு, மாற்றத் திறந்தது வேறு என்னும் வேறுபாட்டை முதலிலேயே நிறுவிக்கொள்ளுதல் நன்று. இவ்வேறுபாடு தெளிவுறாத கூட்டங்களில் பின்னர் எழும் ஐயங்கள் யாவும் இதன் வழிப்பட்டனவாகவே இருக்கும்.

விலை வாதமும் அதன் எல்லையும்

அமெரிக்க நூலகங்கள் மேற்கொண்ட வழிமுறைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்கர்ஸ்ட் வளாக நூலகம் 2011ஆம் ஆண்டு முதல், விலைமிக்க பாடநூலைக் கைவிட்டுத் திறந்த வளங்களையோ நூலகம் வாங்கியுள்ள வளங்களையோ கொண்டு பாடம் நடத்த முன்வரும் ஆசிரியர்களுக்குச் சிறு நல்கை வழங்கியது. மின்னசோட்டா பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டு திறந்த பாடநூல்களுக்கான பொதுப்பட்டியல் ஒன்றைத் தொடங்கியது. அப்பட்டியலை ஒட்டி நடத்தப்பெற்ற பயிலரங்குகளில் ஆசிரியரிடம் ‘இந்நூலைப் பாடமாக வையுங்கள்’ என்று கேட்கவில்லை. தம் துறை சார்ந்த திறந்த நூல் ஒன்றைப் படித்து மதிப்புரை எழுதுமாறு கேட்டனர். அதற்குச் சிறு தொகையும் அளித்தனர். மதிப்புரைக்காக நூலை முழுதும் படித்த ஆசிரியருள் பலர் பின்னர்த் தாமாகவே அதனைப் பாடமாக்கினர். நூலகரின் வற்புறுத்தல் அன்று, ஆசிரியரின் சொந்த மதிப்பீடே அங்குப் பரிந்து பேசிற்று. இம்முறை நம் சூழலுக்கும் பொருந்துவது என்பது பின்னர் விளக்கப்பெறும்.

விலை வாதம் இந்தியாவில் அதே வலிமையுடன் நில்லாமைக்குக் காரணம் உண்டு. மலிவுப் பதிப்புகளும் ஒளிப்படிகளும் நம் மாணவர் வாழ்வில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளன. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய ஒளிப்படிக் கடை ஒன்றின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிசு நிறுவனமும் 2012ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்திற்கு வேண்டிய நூற்பகுதிகளைத் தொகுத்துப் படியெடுத்து விற்றல் பதிப்புரிமை மீறல் என்பது அவற்றின் முறையீடு. தில்லி உயர்நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் இம்முறையீட்டை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு, கற்பித்தலின் பொருட்டுப் படியெடுத்தல் சட்ட விலக்கிற்கு உட்பட்டது என்னும் கொள்கையை உறுதி செய்தது. 2017ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

இத்தீர்ப்பை நூலகங்கள் பெருவெற்றியாகக் கொண்டாடின, கொண்டாடத்தக்கதே. எனினும் இத்தீர்ப்பால் பயன்பெற்றவர் யாவர் என்னும் வினாவை எழுப்புதல் வேண்டும். படியெடுத்த பக்கங்கள் ஆங்கிலப் பக்கங்கள். ஆங்கிலத்தில் படிக்க வல்ல மாணவருக்கே அவை கைவிளக்காயின. தமிழ், கன்னடம், ஒடியா முதலிய மொழிகளின் வழியே பட்டப்படிப்புப் பயிலும் மாணவருக்கு, அப்பக்கங்களை ஒரு ரூபாய்க்குப் படியெடுத்துக் கொடுத்தாலும் ஒன்றும் இல்லாமலே கொடுத்தாலும் வேறுபாடு இல்லை.

படியெடுத்தலும் மொழிபெயர்த்தலும்

மேற்கண்ட விலக்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52(1)(i) பிரிவில் உள்ளது. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பை ‘மறுஉருவாக்கம்’ செய்தல் உரிமை மீறலாகாது என்று அப்பிரிவு கூறுகிறது. சட்டத்தின் 14ஆம் பிரிவோ மறுஉருவாக்கம், மொழிபெயர்ப்பு, தழுவல் ஆகியவற்றைத் தனித்தனி உரிமைகளாக எண்ணுகிறது. ஒரு நூலின் இயலைப் படியெடுத்து நாற்பது மாணவருக்கு வழங்கும் ஆசிரியர் விலக்கின் நிழலில் நிற்கிறார். அதே இயலைத் தமிழாக்கி அந்நாற்பது மாணவருக்கே வழங்கும் ஆசிரியர் அந்நிழலில் நிற்கிறார் என்று அச்சொற்களைக் கொண்டு உறுதியாகக் கூற இயலாது. முன்னவர் செய்தது இயந்திர வேலை. பின்னவர் செய்தது அறிவு வேலை. சட்டம் முன்னவருக்கு வெளிப்படையாகத் துணைநிற்க, பின்னவர் ஐயத்தில் விடப்பட்டுள்ளார்.

சட்டத்தில் வழியே இல்லை என்பதும் இல்லை. 32ஆம் பிரிவின்படி, ஒரு நூல் வெளியாகி ஏழாண்டுகள் கழிந்தபின் அதனை மொழிபெயர்த்து வெளியிடக் கட்டாய உரிமம் வேண்டலாம். வெளிநாட்டு நூலாயின், கற்பித்தல், புலமை, ஆய்வு ஆகியவற்றின் பொருட்டு மூன்றாண்டுகளிலும், வளர்ந்த நாடுகளில் பொதுவழக்கில் இல்லாத மொழியாயின் ஓராண்டிலும் வேண்டலாம். ஆனால் உரிமையாளரை நாடி மறுக்கப்பட்டமைக்குச் சான்று காட்டுதல், உரிய அமைப்பின்முன் விண்ணப்பித்தல், உரிமத்தொகை செலுத்துதல் எனப் படிகள் பல உள்ளன. விண்ணப்பத்தைக் கேட்க வேண்டிய அமைப்பே பதிப்புரிமைக் கழகம், மேல்முறையீட்டு வாரியம் என மாறி, 2021ஆம் ஆண்டில் அவ்வாரியமும் கலைக்கப்பட்டு நீதிமன்றத்தைச் சென்றடைந்தது. ஒற்றை இயலைத் தமிழாக்க விரும்பும் கல்லூரி ஆசிரியர் நீதிமன்றம் ஏறுவார் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டத்தையும் இவ்விடத்தில் நோக்கலாம். 2024ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அமைச்சரவை இசைவளித்த இத்திட்டத்திற்கு மூன்றாண்டுகளுக்கென 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பெற்றது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு சார்ந்த உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. ஆய்வாளருக்கு இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இங்கு வாங்கப்பட்டது படிக்கும் உரிமை. அதனால் மட்டும் அவ்விதழ்களில் உள்ள கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிப் பாடத்தொகுப்பில் சேர்க்கும் உரிமை நமக்கு வந்துவிடவில்லை. திறந்த உரிமம் உடைய கட்டுரைக்கோ அவ்வுரிமை கட்டணம் ஏதுமின்றி, எழுதிய நாள் முதலே உண்டு. பல்கலைக்கழக நூலகர் தம் ஆட்சிமன்றத்தில் எடுத்துரைக்க இதனினும் தெளிவான ஒப்பீடு கிடைத்தல் அரிது.

உரிமங்களைப் படிக்கும் முறை

2001ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் உரிமங்களே இன்று பெருவழக்காக உள்ளன. அவற்றின் உறுப்புகள் நான்கு: ஆக்கியோன் பெயர் சுட்டல், அதே உரிமத்தில் பகிர்தல், வணிக நோக்கமின்மை, வழிப்படைப்பு இன்மை. இவற்றுள் மொழிபெயர்ப்பாளர் முதலில் தேட வேண்டியது இறுதியாகக் கூறப்பட்டதையே. ‘வழிப்படைப்பு இன்மை’ என்னும் உறுப்பு ஓர் உரிமத்தில் இருப்பின், நூலைப் படியெடுத்துப் பரப்பலாம். மொழிபெயர்ப்பை வெளியிடல் ஆகாது. அவ்வுறுப்பு கொண்ட நூல் நூலகப் பட்டியலில் ‘திறந்த நூல்’ என இடம்பெறினும் மொழிபெயர்ப்பு நோக்கில் பூட்டிய நூலே. தம் கருத்து திரிக்கப்படும் என அஞ்சும் ஆசிரியர்களே இவ்வுறுப்பைப் பெரிதும் தெரிவு செய்கின்றனர். அவ்வச்சத்தை எள்ளி ஒதுக்குதல் கூடாது. இந்தியச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, தம் நற்பெயருக்கு ஊறு செய்யும் திரிப்புக்கு எதிரான உரிமையை ஆக்கியோனுக்கு அளிக்கிறது என்பதை நூலகர் எடுத்துக்காட்டின், அவ்வச்சம் பெரிதும் நீங்கும்.

‘அதே உரிமத்தில் பகிர்தல்’ மொழிபெயர்ப்பைத் தடுப்பதில்லை. மொழிபெயர்ப்பும் அதே உரிமத்துடன் வெளிவர வேண்டும் என்று மட்டும் விதிக்கிறது. ஆனால் இருவேறு உரிமங்கள் கொண்ட பகுதிகளை ஒரே நூலாகப் பிணைக்கும்போது இது சிக்கலாகும். சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியம் பெயர் சுட்டல், வணிக நோக்கமின்மை, அதே உரிமம் ஆகிய மூன்றும் சேர்ந்த உரிமத்தைத் தாங்கியுள்ளது. விக்கிப்பீடியாவின் உரிமத்தில் வணிக நோக்கமின்மை என்னும் கட்டுப்பாடு இல்லை. ஆதலின் ஆய்வேடு ஒன்றின் பகுதியை விக்கிப்பீடியாக் கட்டுரைப் பகுதியுடன் இழைத்து ஒரு பாடமாக்கினால், அப்பாடத்தை எவ்வுரிமத்தில் வெளியிடினும் ஒருபக்கம் மீறலாகிவிடும். தொகுப்பாசிரியர் இதனை நூல் அச்சேறும் தறுவாயில் அறிவதைவிடத் தொடக்கத்திலேயே நூலகரிடம் கேட்டறிவது எளிது. நூலகத்தில் இவ்வாறு கேட்பதற்கென ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் சட்ட வல்லுநராக இருக்க வேண்டியதில்லை.

ஒருமுறை அளித்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. ஆயினும் பதிப்பாளர் பிற்காலப் பதிப்புகளை வேறு உரிமத்தில் வெளியிடக்கூடும். பழைய பக்கம் இணையத்திலிருந்து மறைந்துவிடவும் கூடும். ஆகவே மொழிபெயர்ப்புக்கென ஒரு நூலைத் தெரிவு செய்தவுடன், நூலின் படியையும் உரிமக் குறிப்புள்ள பக்கத்தையும் நாளிட்டு நூலகத்தில் சேமித்து வைத்தல் இன்றியமையாதது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டு முதல் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்னும் பெயரில் வெளியிட்ட கல்லூரிப் பாடநூல்கள் பலவும் பெயர் சுட்டல் என்னும் ஒற்றை நிபந்தனையுடன் வெளிவந்தவை. அவற்றுள் இயற்பியல் நூலைப் போலந்து நாட்டினர் தம் மொழியில் பெயர்த்து 2018ஆம் ஆண்டு வெளியிட்டனர். உரிமத்தொகை, தனி இசைவு என எதுவும் வேண்டாத காரணத்தால் முயற்சி முழுவதும் மொழியாக்கத்திலும் கலைச்சொல்லிலும் செலவிடப்பட்டது.

நம்மிடம் உள்ளவை

மொழிவழிப் பாடநூல் முயற்சி நமக்குப் புதிதன்று. பல்கலைக்கழக நிலைப் பாடநூல்களை மாநில மொழிகளில் உருவாக்க மத்திய அரசு 1968ஆம் ஆண்டளவில் மாநிலந்தோறும் ஒரு கோடி ரூபாய் அளிக்கும் திட்டத்தை வகுத்தது. கேரள மொழி நிறுவனமும் தெலுங்கு அகாதெமியும் 1968இல் தோன்றின. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970இல் அமைந்தது. இயற்பியல், வேதியியல், வரலாறு, பொருளியல், மெய்யியல் எனப் பல துறைகளில் தமிழில் பல நூறு கல்லூரி நூல்கள் அக்காலத்தே வெளிவந்தன. அவை இப்போது ஒளிவருடப்பட்டு இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. இந்நூல்கள் திறந்த கல்வி வளங்களா என்று வினவின், இல்லை என்றே விடை கூற வேண்டும். அரசோ அரசு நிறுவனமோ முதல் உரிமையாளராக உள்ள நூலுக்கு, வெளியான ஆண்டை அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1972இல் வெளியான நூல் 2032ஆம் ஆண்டின் இறுதிவரை உரிமைக்கு உட்பட்டதே. பொதுப்பணத்தில் எழுதப்பட்டு, அச்சில் இல்லாது போய், விற்பனை வருவாயும் ஈட்டாத நூலை, இன்றைய ஆசிரியர் ஒருவர் திருத்திப் புதுப்பிக்க வேண்டின் தனி இசைவு பெற வேண்டும் என்னும் நிலை எவருக்கும் பயன் தருவதன்று. மூலநூல் வெளிநாட்டாருடையதாயின் சிக்கல் இன்னும் ஒருபடி கூடும்.

இதற்குத் தீர்வு சட்டத்திலேயே உள்ளது. உரிமையாளர் தம் பதிப்புரிமையை முழுமையாகவோ பகுதியாகவோ துறக்க 21ஆம் பிரிவும், எழுத்து வடிவில் உரிமம் வழங்க 30ஆம் பிரிவும் வகைசெய்கின்றன. எனவே சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். அரசாணை ஒன்று போதும். இதனைக் கேட்டுப் பெறத் தகுதியுடையோர் இந்நூல்களை அடுக்குகளில் இன்றும் வைத்திருக்கும் பல்கலைக்கழக நூலகங்களே. தமிழ்நாட்டில் இக்கோரிக்கைக்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. பாரதியின் படைப்புகளை 1949ஆம் ஆண்டு அரசு பெற்றது முதலாக, எழுத்தாளர் குடும்பத்திற்குப் பரிவுத்தொகை அளித்துப் படைப்புகளை நாட்டுடைமையாக்கும் மரபு வளர்ந்துள்ளது. பொதுப்பணம் கொடுத்து உரிமையைப் பொதுமக்களிடம் ஒப்படைத்தல் என்னும் கருத்து நம்மவர்க்கு அயலானது அன்று. இலக்கியத்தில் பெரிதும் செயற்பட்ட அக்கருத்தைப் பாடநூலுக்கும் நீட்டுமாறு கேட்பதே எஞ்சியுள்ளது.

உரிமம் கிடைப்பினும் ஒளிவருடிய பக்கம் எழுத்துரை ஆகிவிடாது. எழுபதுகளின் நூல்களில் பெரும்பான்மையும் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட அச்சுருக்களில் அமைந்தவை. ணா, றா, னா, லை, னை முதலியன பழைய கூட்டு வடிவில் இருக்கும். எழுத்துணரிகள் இவ்விடங்களில் தடுமாறுகின்றன. துணைக்காலையும் ரகரத்தையும் மயங்குவதும் உண்டு. பின்னர்க் கணினியில் அச்சுக்கோக்கப்பட்ட நூல்களின் நிலையும் முழுதும் மேம்பட்டதன்று. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே 1991இல் தமிழ் இடம்பெற்றுவிட்டது. எனினும் 2010ஆம் ஆண்டில் அரசாணை வரும்வரை, அதன் பின்னரும்கூட, பதிப்பகந்தோறும் வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளே ஆண்டன. அக்கோப்புகள் திரையில் தமிழாகத் தோன்றினும், தேடுவதற்கும் சொற்றொகுதி ஆக்குவதற்கும் பயன்படா. நூலகம் ஒரு வளத்தைத் ‘திறந்தது’ எனப் பட்டியலிடுமுன் அது எழுத்துரையாக உள்ளதா என்பதையும் குறித்தல் வேண்டும் என்பது மொழியியலாளரின் நியாயமான எதிர்பார்ப்பு.

நூலகத்தின் பணிகள்

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டாவது, வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்னும் கருத்தினது. தமிழ்வழியில் பயிலும் வாசகருக்கு உரிய நூல் எழுதப்படவே இல்லையெனில் நூலகர் செய்யக்கூடியது யாது? தேடித் தருதல் என்னும் எல்லையைக் கடந்து, உருவாவதற்கு வழிசெய்தல் என்னும் நிலைக்கு அவர் செல்ல வேண்டியவராகிறார்.

முதற்பணி கணக்கெடுப்பு. பாடத்திட்டத்தின் ஒவ்வொரு தாளுக்கும் பரிந்துரைக்கப்பட்ட நூல்கள் எம்மொழியின, தமிழில் நூல் உண்டா, உண்டெனில் எந்த ஆண்டினது, உரிமநிலை யாது என நிரற்படுத்திய அட்டவணை ஒன்று பாடக்குழுவின்முன் வைக்கப்பட்டால், நெடிய சொற்பொழிவு வேண்டுவதில்லை. பாடத்திட்டம் ஆங்கிலவழியில் இருப்பினும் மாணவர் தாய்மொழியில் தேர்வெழுத இசைவளிக்குமாறு 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக்குழு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. தேர்வைத் தமிழில் எழுதலாம்; படிக்கும் நூல் தமிழில் இல்லை என்னும் முரணை அவ்வட்டவணை வெற்றாகவே காட்டிவிடும்.

அடுத்தது உரிமையாண்மை. பணி ஒப்பந்தத்தின்கீழ் உருவாகும் படைப்பிற்குப் பணியளிப்பவரே முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு கூறினும், ஆசிரியரின் பாடக்குறிப்புகள் அதனுள் அடங்குமா என்பது ஒப்பந்தத்தையும் பல்கலைக்கழகக் கொள்கையையும் பொறுத்தது. கொள்கை இல்லாவிடத்து ஆசிரியரும் பல்கலைக்கழகமும் ஒருவரையொருவர் நோக்கி நிற்க, உரிமம் அளிப்பார் எவரும் இலர். கல்விக்குழுவில் இதனைத் தீர்மானமாக்குமாறு நூலகர் முன்மொழியலாம்.

இந்திய மொழிகளில் 22,000 நூல்களை ஐந்தாண்டுகளில் உருவாக்கும் நோக்குடன் 2024ஆம் ஆண்டு சூலையில் ‘அஸ்மிதா’ திட்டம் தொடங்கப்பெற்றது. 2025ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் இந்திய மொழி நூல்களை மின்வடிவில் வழங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகளில் எழுதப்படும் நூல்கள் எவ்வுரிமத்துடன் வெளிவரும் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. உரிமம் குறிக்கப்படாத நூல் இயல்பாகவே முழுப் பதிப்புரிமைக்கு உட்படும். எழுபதுகளின் கதையே மீளும். ஒப்பந்தப் படிவத்தில் ஒரு தொடரைச் சேர்ப்பதற்கான காலம் நூல் எழுதப்படுமுன்னரே தவிர, பின்னர் அன்று.

மூன்றாவது பட்டியலாக்கம். மார்க் 21 பதிவில் 041ஆம் புலம் நூல் மொழிபெயர்ப்பு என்பதையும் அதன் மூலமொழியையும் காட்டும். 540ஆம் புலம் பயன்பாட்டு நிபந்தனைகளை ஏற்கும். மொழிபெயர்ப்பாளர் பெயருக்கு 700ஆம் புலம் உண்டு. இவை யாவும் நெடுங்காலமாக உள்ளவையே, நிரப்பப்படாமல் விடப்படுகின்றன. இப்புலங்கள் செவ்வனே நிரப்பப்பட்டால், ‘மொழிபெயர்க்கத்தக்க உரிமம் கொண்ட, இன்னும் தமிழில் வாராத நூல்கள்’ என ஒரு தேடலில் பட்டியல் எடுத்துவிடலாம்.

தழுவும் உரிமையின் பயன் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருவதோடு முடிவதில்லை. தமிழ்நாட்டு நூல்களில் ‘ஒளிச்சேர்க்கை’ எனப்படுவது இலங்கைப் பாடநூல்களில் ‘ஒளித்தொகுப்பு’. இங்கு ‘எலக்ட்ரான்’, அங்கு ‘இலத்திரன்’. இங்குச் ‘செல்’ அல்லது ‘உயிரணு’, அங்குக் ‘கலம்’. சென்னையில் உருவாகும் உயிரியல் நூல் திறந்த உரிமமும் எழுத்துரை வடிவும் பெற்றிருந்தால், யாழ்ப்பாணத்து ஆசிரியர் கலைச்சொற்களைத் தம் வழக்கிற்கு மாற்றி வெளியிடலாம். இரு பதிப்புகளும் சேர்ந்து சொல்லாய்வாளருக்கு ஒப்பீட்டுத் தரவும் ஆகும். உரிமம் பூட்டியிருப்பின், கலைச்சொல்லை ஒருமைப்படுத்துவது பற்றி நாம் கருத்தரங்குகளில் பேசிக்கொண்டே இருக்கலாம்.

மதிப்புரை வழியாக ஆசிரியரை ஈர்க்கும் மின்னசோட்டா முறையை இங்குச் சற்று மாற்றிக் கையாளுதல் தகும். நம் ஆசிரியரிடம் நூல் நன்றா என்பதோடு, இந்நூலில் எவ்வியல்கள் முதலில் தமிழாக வேண்டும், எவ்வெடுத்துக்காட்டுகள் இந்நாட்டிற்குப் பொருந்தா, எக்கலைச்சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை என்றும் கேட்டல் வேண்டும். அம்மதிப்புரையே மொழிபெயர்ப்பாளருக்கு முதற்குறிப்பேடாகிவிடும்.

மொழிபெயர்ப்பாளரின் ஊதியம் பற்றி வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும். திறந்த உரிமத்தில் வெளிவரும் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் உரிமைப்பங்கு ஈட்டாது; எனவே ஊதியம் முழுவதும் பணி முடிந்தவுடன் வழங்கப்படல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் இதனை ‘அறிவுத்தொண்டு’ என்று கூறிக் கடந்துவிட விரும்புவது இயல்பு. அச்சுத்தாளுக்கும் கணினிக்கும் பணம் ஒதுக்கும் நிறுவனம் மொழியாக்கத்திற்கு மட்டும் தொண்டுள்ளம் தேடுவதை ஏற்பதற்கில்லை. இயந்திர மொழிபெயர்ப்பு முதல்வரைவைத் தந்துவிடும் இந்நாளில் இவ்வெச்சரிக்கை மிகுதியும் வேண்டற்பாலது. வரைவைச் செப்பம் செய்வோர் பெயர் நூலின் முகப்பிலும் பட்டியற்பதிவிலும் இடம்பெறச் செய்தல் நூலகரின் கையில் உள்ளது.

இறுதியாகக் குறிப்பிட வேண்டியது, நம் துறைகளிலேயே ஆண்டுதோறும் விளைந்து அடுக்குகளில் உறங்கும் செல்வம். மொழிபெயர்ப்பியலையும் மொழியியலையும் பயிற்றும் துறைகள் பலவற்றில் மாணவர் தம் பட்டத்திற்கென நூலையோ நூற்பகுதியையோ தமிழாக்கி ஏடாக அளிக்கின்றனர். நெறியாளர் திருத்தி, தேர்வாளர் மதிப்பிட்டு, கட்டமைத்து நூலகத்தில் வைக்கப்படும் அவ்வேடு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. மூலநூலின் உரிமம் இன்மையால் அதனை வெளியிட இயலாது. எவரும் முன்கூட்டிக் கேட்டிருக்கவும் மாட்டார். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே நூலகம் தழுவத்தக்க உரிமம் கொண்ட நூல்களின் பட்டியலை, பாடக்கணக்கெடுப்பில் வெளிப்பட்ட தேவைகளின் வரிசையில், துறைத்தலைவரிடம் அளிக்கலாம். மாணவர் அப்பட்டியலிலிருந்து இயல் ஒன்றைத் தெரிவு செய்வார். ஏடு ஏற்கப்பட்டபின் அவர்தம் எழுத்துவழி இசைவுடன், அவர் பெயருடனும் மூல ஆக்கியோன் பெயருடனும், ஒருங்குறி எழுத்துரையாகப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் அது வெளியாகும். ஒரு துறையில் ஆண்டுக்குப் பத்து மாணவர் எனக் கொண்டால், ஒரு பாடநூலின் பெரும்பகுதி இரண்டாண்டுகளில் தமிழில் வந்துவிடும். இதற்கெனத் தனி நிதியம் வேண்டுவதில்லை. சூன் மாதத்தில் நூலகரும் துறைத்தலைவரும் ஒருமுறை கூடிப் பேசினால் தொடங்கிவிடலாம்.